எதிர்வீட்டுத் தண்ணீர்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. புனேயின் லோஹேகாவில் புதிதாகக் கட்டிய ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடி. விமானப்படை மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மா, எங்கள் வங்கிக் கடனில் வாங்கிய ஃபிளாட்டின் சாவியை அன்று காலைதான் கையில் வாங்கியிருந்தார். என் கைப்பேசி அடித்தது. எங்கள் வங்கியில் அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வுபெற்ற தேஷ்பாண்டே சாஹேப். எப்போதும் ஒருமுறை இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்று இருமவில்லை. "சாந்தி, எஸ்தர்தாயீ கேல்யா" என்றார்.

எஸ்தர் அக்கா போய்விட்டார். மார்க்கெட்டுக்குப் புறப்பட்டு, பை எடுத்து, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். பாதியில் வைத்துவிட்டு ஓடியிருந்தால் அவர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

எங்கள் தாபோடிக் கிளைக்கு ஒருமுறையாவது வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். துப்புரவுத் தொழிலாளர்களும், தொழிற்சாலை ஹெல்பர்களும், இராணுவப் பொறியியல் கல்லூரியின் கடைநிலை ஊழியர்களும் பங்கு சேர்த்துத் தொடங்கிய கூட்டுறவு வங்கி எங்களுடையது. எல்லோரும் தலித் மக்கள். பாதிப் பேர் மராத்தியர், பாதிப் பேர் எங்களைப்போல வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழர். மற்ற வங்கிகள் எங்கள் ஆட்களின் சேமிப்பை வாங்கிக்கொண்டன, வீட்டுக் கடன் கேட்டால் மட்டும் கையை விரித்தன. அதற்காகவே பிறந்த வங்கி இது. பிறகு எல்லாச் சாதியினரும் வந்து உறுப்பினர் ஆனார்கள். எவரையும் வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. அங்கே வீட்டுக் கடன் பிரிவு முழுவதும் எஸ்தர் அக்காதான். ஒரு பழைய மொபெட், கைப்பையில் அளவு டேப், தெருமுனை வரை கேட்கும் குரல். கேரம் விளையாட்டில் தோற்கப்போகிறார் என்று தெரிந்தால் முழங்கை தவறிப் பலகையில் இடித்துவிடும். அது எப்படி எப்போதும் சரியான நேரத்தில் தவறும் என்பது கடைசி வரை எங்களுக்குப் புரியவில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு பெரிய தவறு செய்தேன். அதற்கு முன் நகரத்தில் வேறொரு வங்கியில் நான்கு மாதம் தற்காலிக வேலை பார்த்திருந்தேன். அங்கே மேலாளரின் மேசை இழுப்பறையில் ஒரு பட்டியல் இருக்கும். வீட்டுக் கடன் தரக்கூடாத பகுதிகளின் பட்டியல். யாரும் அதை வாய்விட்டுப் படித்ததில்லை. மனு வந்தால் முகவரியைப் பார்ப்பார்கள், இழுப்பறையைத் திறப்பார்கள், மூடுவார்கள். வங்கி வேலை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எது அலுவலக வழக்கம், எது அநியாயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை. வெளியில் யாரிடமும் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. தாபோடிக் கிளையின் சுவரில் மாட்ட ஒரு புனே வரைபடம் வந்தபோது, ஒருவரும் சொல்லாமலே நான் சிவப்புப் பென்சிலை எடுத்து, ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள சந்துகளைச் சுற்றி அழகாகக் கோடு போட்டு வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த எஸ்தர் அக்கா வரைபடத்தின் முன் நின்றார்.

"இன்னா இது? யாரு போட்டது?"

"நான்தான்க்கா."

"எதுக்கு?"

"அந்த ஏரியால பத்திரமெல்லாம் சரியா இருக்காது இல்லக்கா. கடன் குடுக்கக்கூடாத இடம்..."

"உன் வூடு எங்க? காட்டு."

நான் விரலை வைத்தேன். கோட்டுக்கு உள்ளே, நட்டநடுவில்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அரே தேவா! சாஹேப், இங்க வாங்க. தன் வூட்டச் சுத்தித் தானே கோடு போட்டுகினா பாருங்க இந்தப் பொண்ணு. அதுவும் இன்னா நேரா போட்டுகிறா!" தேஷ்பாண்டே சாஹேப் வந்து பார்த்து, இருமிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் ரப்பரை எடுத்தேன். எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்தார்.

"அழிக்காத. இப்டி ஒண்ணு இருந்திச்சின்னு தெரியணும். மூடு."

மறுநாள் பச்சைத் தலை வைத்த குண்டூசிகள் ஒரு டப்பா வாங்கி வந்தார். எங்கள் கடனில் ஒரு குடும்பம் வீடு வாங்கினால், அந்த இடத்தில் ஒரு குண்டூசி.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போதுதான் அந்தக் கோடு அவரை ஏன் அப்படிச் சிரிக்க வைத்தது என்று சொன்னார். சில வருடங்களுக்கு முன் தன் சர்ச் சபையினரின் ஏற்பாட்டில், கூட்டுறவு ஊழியர்கள் சிலரோடு ஆறு வாரம் அமெரிக்கா போயிருந்தார். அங்கே கறுப்பின மக்கள் தாங்களே தொடங்கி நடத்தும் ஒரு வங்கிக்குக் கூட்டிப்போனார்களாம். வீட்டுக் கடன் பிரிவில் லொரெட்டா என்ற அம்மா. அவர்களுடைய கூட்ட அறையில் அந்த நகரத்தின் பழைய வரைபடம் ஒன்று தொங்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களெல்லாம் அதில் சிவப்பாக இருந்தன. ஒரு காலத்தில் மற்ற வங்கிகள் அந்தச் சிவப்பைப் பார்த்தே மனுவைத் திருப்பிவிடுமாம். நல்ல சம்பளம் இருந்தாலும், சேமிப்பு இருந்தாலும் அதே பதில்தான். சர்ச்சுக்கு வருகிறவர்கள் சேர்ந்து தொடங்கிய இந்தச் சின்ன வங்கிதான் அவர்களுக்கு வீடு வாங்கக் கடன் கொடுத்தது. முதலில் சிவப்புக்குள்ளே, பிறகு 'இங்கே உங்களுக்கு வீடு இல்லை' என்று விரட்டப்பட்ட தெருக்களிலும். எதிர்ச் சுவர் முழுவதும், சொந்த வீட்டு வாசலில் நிற்கும் குடும்பங்களின் புகைப்படங்கள்.

"லொரெட்டா இன்னா சொன்னா தெரியுமா? எங்க பேங்க் சின்னதுதான் எஸ்தர், ஆனா நாங்க குடுத்த கடன் ஒழுங்கா திரும்பி வரத பாத்துட்டு பெரிய பேங்குக்கெல்லாம் மெதுவா கண்ணு தெரிய ஆரம்பிச்சிதுன்னா." தேநீரை ஒரே வாயில் முடித்துவிட்டு எஸ்தர் அக்கா சொன்னார்: "அங்க தோலப் பாத்துக் கோடு போட்டான். இங்க பேரப் பாத்துப் போடறான். பென்சில் ஒண்ணுதான்."

அவருடைய கடன் படிவத்தில், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, கையால் எழுதிய இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி: 'மனுதாரர் வீட்டில் தண்ணீர் குடித்தாயிற்றா?' இரண்டாவது, சாவி கொடுக்கும் நாளுக்கானது: 'எதிர்வீட்டில்?' முதல் வரிக்குக் காரணம் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வருகிற அதிகாரிகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அது தெரிந்து நாங்களும் கொடுக்க மாட்டோம், பெட்டிக்கடைக்கு ஓடிக் கலர் வாங்கி வருவோம். எஸ்தர் அக்கா கலர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தண்ணி குடுங்க, உங்க பானையிலேர்ந்து" என்பார். பிராமணரான தேஷ்பாண்டே சாஹேப் ஆரம்பத்தில் எங்கே போனாலும் சொந்த பாட்டில் கொண்டுவருவார். எஸ்தர் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒரு மே மாதத்து மதியம், அந்த பாட்டில் 'மறந்துபோய்' வங்கியிலேயே தங்கிவிட்டது. அதை மறந்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். ஒரு தகரக் கூரை வீட்டில் சாஹேப் மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தார். அடுத்த நாளிலிருந்து பாட்டில் வரவில்லை.

எதிர்வீட்டு வரியின் பொருள் எனக்குப் புரிய, எங்கள் வீட்டு விஷயமே வேண்டியிருந்தது.

என் அப்பா முனுசாமி இராணுவப் பொறியியல் கல்லூரியில் துப்புரவுப் பணியாளர். ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. அவருடைய சம்பளச் சீட்டு இருக்கும்போதே பத்திரம் பதிவானால்தான் கடன் கிடைக்கும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த ஐந்து மாதத்தை விட்டால் ரயில் பாதையோரத்து வாடகை அறைதான் கடைசி வரை. ஆற்றைத் தாண்டிச் சாங்வியில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பெயர் கேட்டார்களாம், எந்த ஊர் என்று கேட்டார்களாம், என்ன வேலை என்று கேட்டார்களாம். அப்பா உள்ளதைச் சொன்னார். எல்லா ஃபிளாட்டும் புக் ஆகிவிட்டது என்றார்கள்.

"நமக்கு ஆத்துக்கு இந்தப் பக்கமே போதும்மா" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அவர் அதை அவ்வளவு பதமாக மடித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வங்கியில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எஸ்தர் அக்காவிடம் எதையும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான், சொல்வதும் ஒன்றுதான். என் முகத்தைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், நேராகத் தேஷ்பாண்டே சாஹேபின் மேசைக்குப் போனார். "சாஹேப், இந்த ஞாயித்துக்கிழம நீங்களும் வஹினியும் சாங்வில வூடு பாக்கப் போறீங்க." வஹினி என்றால் அண்ணி, சாஹேபின் மனைவி. சாஹேப் தமக்குச் சொந்த வீடு இருக்கிறது என்றார். "தெரியும். சும்மா பாத்துட்டு வாங்க." பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றார். "அதனாலதான் உங்கள அனுப்பறேன். நம்புவான்."

திங்கட்கிழமை காலை சாஹேப் ஒரு காகிதத்தை எஸ்தர் அக்காவின் மேசையில் வைத்தார். அதில் நான்கு ஃபிளாட் எண்கள். நான்கையும் திறந்து காட்டி, தேநீரும் கொடுத்திருக்கிறார்கள். சாஹேப் மராத்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "நான் பொய் சொன்னேன் தாயீ. ஆனால் என் பொய்யைவிட அவனுடைய பொய் பெரியது." இருமிவிட்டு, "இன்னொரு சிக்கல். இரண்டாம் மாடி ஃபிளாட் என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாங்கலாம் என்கிறாள்" என்றார்.

"வஹினிகிட்ட சொல்லுங்க, அது முனுசாமி வூடு" என்றார் எஸ்தர் அக்கா.

அதே கட்டிடத்தில் எங்கள் உறுப்பினர்கள் ஆறு பேர் முன்பே ஃபிளாட் எடுத்திருந்தார்கள். எல்லோரும் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பல சாதிக்காரர்கள். அவர்களுக்கான முதல் காசோலைகள் அந்த வாரம் போக வேண்டும். எஸ்தர் அக்கா ஆறு பேரையும் கூப்பிட்டு, சாஹேபின் காகிதத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். "நம்ம மெம்பர் ஒருத்தருக்குக் கதவு சாத்தற கட்டடத்துக்கு நம்ம பேங்கு செக்கு போவணுமா? உங்க வூடு, நீங்கதான் சொல்லணும். வேணாம்னா கையெழுத்துப் போடுங்க, அவன் வழிக்கு வர வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்." ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள். மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஷிண்டே மட்டும் பேனாவைத் தொடவில்லை. மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், தாமதமானால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. எஸ்தர் அக்காவுக்கு வரவில்லை. "உங்க செக்கு நாளைக்குப் போவும் ஷிண்டே. கழுத்தப் புடிச்சு வாங்கற நியாயம் எனக்கு வேணாம்" என்றார். சொன்னபடி அனுப்பினார்.

பிறகு அந்த ஐந்து பேரையும், அப்பாவையும், என்னையும் கூட்டிக்கொண்டு பில்டரின் சைட் ஆபீசுக்குப் போனார். தகர ஷெட்டுக்குள் எல்லோரும் நிற்க இடமில்லை. நான் கதவோரம், பாதி வெயிலில் நின்றேன். பில்டர் எஸ்தர் அக்காவுக்கு நாற்காலி போட்டார். குரலைத் தாழ்த்தி இந்தியில் பேசினார். "மேடம், எனக்கு ஒன்றும் இல்லை. என் கண்ணுக்கு எல்லோரும் ஒன்றுதான். ஆனால் மற்ற ஃபிளாட்காரர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்."

"அப்படியா? அந்த மற்றவர்கள் யார்?"

"அதுதான், வாங்கியவர்கள்."

எஸ்தர் அக்கா திரும்பித் தன் பின்னால் நின்ற ஐந்து பேரையும் கையால் காட்டினார். "இவர்கள்தான் வாங்கியவர்கள். என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? அவர்களையே கேளுங்கள்."

ஐந்து பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்தவருக்கும் அடக்க முடியவில்லை. அப்பாகூட மீசையைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார். பில்டர் இழுப்பறையைத் திறந்தார். நான் பார்த்திருந்த இழுப்பறைகளில் பட்டியல்தான் இருக்கும். அவர் புக்கிங் படிவத்தை எடுத்து அப்பாவின் முன் வைத்தார்.

அப்பா ஓய்வுபெற மூன்று வாரம் இருக்கும்போது பத்திரம் பதிவானது. பதிவு அலுவலகத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். நான்கு எழுத்துக்கு அவ்வளவு நேரமா என்று குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "பாத்தா பாக்கட்டும். நீங்க நிதானமா போடுங்கண்ணே" என்றார் எஸ்தர் அக்கா.

சாவி கொடுத்த நாளன்று எங்களுக்கு எதிர்க் கதவு யாருடையது என்று பார்த்தால், ஷிண்டேயுடையது. நாங்கள் படியேறி வருவதைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்கம்தான் என்று இப்போது தெரிகிறது. எங்கள் சாதிக்காகத்தான் சாத்தினார் என்று அப்போது நினைத்தேன். எஸ்தர் அக்கா நேரே போய்த் தட்டினார். "ஷிண்டே! வெயில்ல வந்திருக்கோம். தண்ணி கிடைக்குமா?" கதவு திறந்தது. அவருடைய மனைவி கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒரு சொம்பும் டம்ளரும் கொண்டுவந்தார். எஸ்தர் அக்கா டம்ளரை வாங்கவில்லை. "மொதல்ல உங்க எதிர்வூட்டுக்காரருக்கு" என்று அப்பாவைக் காட்டினார். அப்பா டம்ளரை அண்ணாந்து, வாயில் படாமல் குடிக்கப் போனார். அது அவருடைய வாழ்நாள் பழக்கம். ஷிண்டே அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, சித்தப்பா முறை வைத்துப் பேசினார். "காகா, வாய் வைத்தே குடியுங்கள். வீட்டு டம்ளர்தான்."

அப்பா வாய் வைத்துக் குடித்தார். எஸ்தர் அக்கா படிவத்தை என் முதுகில் வைத்து, இரண்டாவது வரியில் 'ஆம்' என்று எழுதினார். பேனா அழுத்தியது இன்னும் முதுகில் இருக்கிறது.

சிவப்புக் கோட்டுக்கு உள்ளிருந்து வெளியே போன முதல் குடும்பத்தின் பச்சைக் குண்டூசி எங்களுடையது. அதைக் குத்தும் உரிமையைத் தேஷ்பாண்டே சாஹேப் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொய் சொன்னது நான்தானே என்றார். புது வாசலில் அப்பாவும் அம்மாவும் நானும் நிற்கும் படம் ஒன்றை எஸ்தர் அக்கா லொரெட்டாவுக்கு அனுப்பினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, உள்ளே ஒரு புகைப்படம். அவர்களுடைய வங்கிச் சுவரில், அத்தனை குடும்பங்களுக்கும் நடுவில், சலவைச் சட்டை போட்ட என் அப்பா. ஆற்றைத் தாண்டப் பயந்த மனிதர் கடலையே தாண்டிவிட்டார் என்று எஸ்தர் அக்கா கிளை முழுவதும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அதன்பின் குண்டூசிகள் ஏறிக்கொண்டே போயின. கோர்படி ரயில்வே காலனிப் பக்கம், லோஹேகாவ், ஆற்றின் இரு கரைகளிலும். ரயில் பாதையோரத்தில் சிவப்பே தெரியவில்லை. நான் முன்பு வேலை பார்த்த அந்த வங்கியிலிருந்து ஒருநாள் டை கட்டிய ஓர் இளைஞர், வீட்டுக் கடன் விளம்பரத் துண்டுகளோடு எங்கள் பழைய சந்துக்குள் வீடுவீடாக வந்துகொண்டிருந்தார். இழுப்பறையில் இருந்த அதே சந்து. எஸ்தர் அக்கா அவரைக் கிளைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ரொம்ப லேட்டா வந்தீங்க தம்பி. பரவாயில்ல. தண்ணி குடிங்க" என்றார். அவர் போன பிறகு, கேரமில் ஜெயித்தவரைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். அவர் உண்மையாகவே ஜெயித்து நான் பார்த்த நாள் அது.

அவர் ஓய்வுபெற்றபின் அந்த மேசை எனக்கு வந்தது. இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராது. மனுதாரர் வீடுகளில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிடுவேன். எதிர்வீட்டுக் கதவை மட்டும் என்னால் தட்ட முடியவில்லை. அந்நிய வாசலில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வரியை வெறுமையாக விட்டே எத்தனையோ படிவங்களைக் கட்டி வைத்தேன். எப்போது பார்க்கப் போனாலும் எஸ்தர் அக்கா அதைத்தான் முதலில் கேட்பார். "தட்டினியா?" இல்லை என்றால் சிரிப்பார். போன மாதம் கேட்டபோது, "தட்டினேன்க்கா" என்று பொய் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லது" என்றார். சிரிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் அடக்கம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டுச் சாவி அவர் கையால் போனது. ஷிண்டே பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார், இன்னொரு மூலையைத் தேஷ்பாண்டே சாஹேப் தூக்கினார். அளவு டேப் எஸ்தர் அக்காவின் மகனிடம் இருக்கிறது, வரைபடம் கிளைச் சுவரில் இருக்கிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு வரி மட்டும்தான், அதுவும் நிரப்பாத வரி.

கல்லறையிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து லோஹேகாவுக்கே திரும்பினேன். அதே இரண்டாம் மாடி. மெஸ்ஸில் வேலை செய்யும் அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, மாவிலைத் தோரணம் கட்டிய ஒரு மூடிய கதவு. நான் அதன் முன் நின்றேன். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கை மட்டும் எழுந்தது.

"கோண்?" யார் என்று கேட்டது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

எதிர்வீட்டுக்காரர்களின் வங்கியிலிருந்து வருகிறேன், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று இந்தியில் கேட்டேன். தாழ்ப்பாள் விலகியது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் பெட்டியோடு நின்றவரைப் பார்த்தார். "இருங்கள்" என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

தட்டிட்டேன், அக்கா.